மாம்பழத் துண்டில் ஒரு பட்டாம்பூச்சி

மறுநாள் மாரடைப்பில் போகப்போகிற அப்பாண்டை, தென்னேரியில் நெல் பார்த்துவிட்டுச் சைக்கிளில் வந்து, அகோரப் பசியோடு முற்றத்தில் சாப்பிட உட்கார்கிறான். சமண வீடு. விளக்கைத் தேடி வரும் விட்டில் பூச்சி சோற்றில் விழுந்து சாகக் கூடாது என்று, பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. ஓட்டுக்கூரை மேல் கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கிறது. பக்கத்து வீட்டில் தறி தட்டுகிறது. அந்த நேரம் பார்த்து மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று தட்டிலுள்ள மாம்பழத் துண்டில் வந்து உட்கார்ந்து, சாவகாசமாக உறிஞ்சத் தொடங்குகிறது. அவன் கை அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

"ஓட்டி வுடுங்களேன்" என்கிறாள் மனைவி குணமாலா.

"றெக்கை ஒடிஞ்சிடும்மா. இன்னா கலர் பாரு. நீ வலை போட்டுக் காப்பாத்துற விட்டில் பூச்சியும் இருக்குதே, சாம்பல்ல பொரட்டி எடுத்தாப்பல."

"விட்டில் யாரையும் பட்டினி போடாது. நாம சாப்ட்டு எழுந்தப்புறந்தான் வரும். உங்க அழகிதான் சோத்து வேளையில வந்து குந்திக்கினு இருக்குது."

அவன் தொந்தி குலுங்கச் சிரிக்கிறான். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வெயில் ஓட்டிலிருந்து தெருக்கோடிக் கோயிலின் கோபுர உச்சிக்கு ஏறி, அங்கிருந்தும் போய்விடுகிறது. அதன் பிறகே பட்டாம்பூச்சி எழுந்து சுவர் தாண்டிப் பறக்கிறது.

"சொல்லிக்காம போவுது பாரு" என்று, கை நனைக்காமலே எழுந்திருக்கிறான் அப்பாண்டை, இன்னும் சிரித்துக்கொண்டு. குணமாலா விளக்கேற்றிக் கம்பிவலைக் கூண்டால் மூடுகிறாள்.

அவன் இல்லாத இன்றும் அப்படித்தான் மூடுகிறாள். விட்டில் வந்து வலைமேல் உட்கார்ந்துகொள்கிறது, விடியும்வரை போவதில்லை.