ஒரு விரல் மட்டும்

“ஏம்மா, புள்ளைக்கு ரெண்டு கையும் வெந்து கெடக்கு. நீ கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறியே?” நர்ஸ் எரிந்து விழுந்தாள்.

“சீக்கிரம் கட்டி விட்ருங்க சிஸ்டர். அஞ்சு மணிக்குள்ள போகணும்.” கலைமணியின் கால்களில் நடவு வயலின் சேறு காய்ந்திருந்தது.

“கூலி வாங்கவா?”

கலைமணி வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“எட்டு வயசுப் புள்ளைய அடுப்புகிட்ட விட்டுட்டா போவ?”

“மிச்சமிருந்த நொய்யில நான் வர்றதுக்குள்ள கஞ்சி வச்சிருக்கா சிஸ்டர். எறக்குறப்ப கொட்டிருச்சு.”

நர்ஸ் சிறுமி ஓவியாவின் வலது கையில் துணியைச் சுற்றினாள். கலைமணி பாய்ந்து தடுத்தாள். “கட்டைவிரலை மூடாதீங்க! அதுல காயமில்லைங்க.”

“சேத்துக் கட்டுனாத்தான் மருந்து நிக்கும். உனக்குப் புள்ளையவிட அவசரம் பெருசா?”

ஓவியா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

“நாத்து நட்டு நட்டு அம்மாவுக்கு ரேகை தேஞ்சு போச்சுக்கா. ரேஷன் கடை மெஷின் என் விரலைத்தான் எடுக்கும். இன்னிக்கு மாசக் கடைசி. விட்டா அரிசி போயிரும்.”

நர்ஸ் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அதன்பிறகு அவளுடைய கைகள்தான் அவசரப்பட்டன.