கடைசிப் பெனால்டி

"என்ர பிள்ளை அடிக்கவேண்டிய பெனால்டியை அவன் ஏன் ஓடிவந்து அடிச்சவன்? கேக்காமல் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்!"

மைதானத்தின் பின்பக்கக் கேற்றில், விளையாட்டுக்காரர் வெளியே வரும் வழியை மறித்துக்கொண்டு நின்றார் குகதாசன். மனைவி சிவகலா அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மனுஷன் அசைந்தால்தானே!

கோபம் வராமல் என்ன செய்யும்? மகன் கோபிசன் சுவிஸ் நாட்டிலே, ஊஸ்டர் என்ற ஊரிலே பிறந்து வளர்ந்த பிள்ளை. சம்பளத்துக்கு விளையாடும் பெரிய கழகத்தில் இந்த வருஷம்தான் இடம் கிடைத்தது. இன்றைக்குக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம். சொந்தபந்தம் எல்லாம் ஒரு பஸ் பிடித்து, ரோல்ஸும் பற்றிஸும் கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருந்தது.

ஆட்டம் சமநிலையில் முடிந்து, பெனால்டிக்குப் போனது. கடைசிப் பெனால்டி கோபிசனுக்கு. பயிற்சியாளர் அதை முதல்நாளே மகனுக்குச் சொல்லியிருந்தார். மகன் தகப்பனுக்குச் சொன்னான். தகப்பன் பஸ் முழுக்கச் சொல்லிவிட்டார்.

பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான். தமிழ்ச்சனம் முழுக்க எழும்பி நின்றது. அப்போதுதான் எங்கிருந்தோ வந்தான் அந்த ஜோயெல். கணுக்காலில் நோவு என்று பயிற்சியாளரே பெனால்டிக்குச் சேர்க்காத ஆள்! கோபிசனின் காதில் என்னவோ சொன்னான். பந்தைப் பறிக்காத குறையாக வாங்கினான், அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலால் போனது. அதோடு கோப்பைக் கனவும் போச்சு.

ஜோயெலின் தாய் தகப்பன் கொங்கோவிலிருந்து வந்தவர்கள். அவன் பிறந்தது இங்கே சுவிஸிலே, வின்டர்த்தூரில். முதற்பாதியில் அவன் கோல் போட்டபோது, குகதாசனுக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரன் "எங்கட வின்டர்த்தூர்ப் பொடியன்!" என்று துள்ளிக் குதித்தான். பெனால்டி தவறியதும் அதே வாய், "இவனை ஆபிரிக்காவுக்கே திருப்பி அனுப்புங்கோ!" என்று கத்தியது. அந்தப் பக்கம் குரங்குச் சத்தம்கூடக் கேட்டது.

இத்தனைக்கும் ஜோயெலுக்கு முன்னம் அடித்த கப்டனும் ஒரு பெனால்டியைத் தவறவிட்டவன்தான். பொன்னிறத் தலைமயிர்க்காரன். அவனுக்குக் கைதட்டல். "பாவம், துரதிர்ஷ்டம்" என்று அனுதாபம் வேறு!

சரி, குகதாசன் என்ன செய்தார் என்கிறீர்கள்? அவரும் எழும்பினார், கறுப்பினத்தவரை ஏசும் சொல்லையே எடுத்தார். "காப்பிலி! என்ர பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டியே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில் தன்னை ஒருத்தன் கறுப்பன் என்று சொன்னதற்கு, யூனியன் வரைக்கும் போய் மன்னிப்பு வாங்கிய மனுஷன் இவர்!

கேற் திறந்தது. முதலில் கோபிசன் வந்தான், பின்னால் ஜோயெல் இலேசாக நொண்டிக்கொண்டு வந்தான். வெளியே நின்ற கூட்டம் ஏசத் தொடங்கியது. சிலர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒருத்தன் கையிலிருந்த பியரை ஜோயெலின் சப்பாத்தில் ஊற்றினான்.

குகதாசன் குறுக்கே பாய்ந்தார். தனக்குத் தெரிந்த ஜெர்மன் பாஷையில் கேட்டார். "என்ர மகன்ர பந்தை நீ ஏன் வாங்கினனீ?"

ஜோயெல் நின்றான். கோபிசனை ஒருதரம் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான் அடிச்சா நிச்சயம் கோல் எண்டு நினைச்சன், மிஸ்டர் குகதாசன். பேராசைப்பட்டிட்டன். பிழை என்னிலதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவ்வளவுதான். அத்தனை ஏச்சுக்கும் நடுவில் தலை குனியாமல், ஒருத்தருக்கும் ஒரு சொல் திருப்பிச் சொல்லாமல் நடந்து போனான். சிவகலா அவன் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன பொறுமையப்பா இந்தப் பிள்ளைக்கு!" என்று அவளுக்கு வாய்விட்டே வந்துவிட்டது.

"என்ன பொறுமையோ? அவனே ஒத்துக்கொண்டிட்டான், கேட்டனீரோ? நாளைக்குக் காலமை கழகத்தில முறைப்பாடு குடுக்கிறன். ஆளை நிப்பாட்டித்தான் மற்ற வேலை!"

"அப்பா, சும்மா இருங்கோ!" கோபிசன் போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. "அவன் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டுப் போறான்."

"என்னடா பொய்?"

"பந்தை வைக்கப் போகேக்க எனக்குக் கால் நடுங்கினது. அவன் அதைக் கண்டிட்டான். 'தவறினா இந்தச் சனம் உன்னை உரிச்சுப்போடும். கப்டனை விட்டமாதிரி உன்னை விடமாட்டினம். இவ்வளவு நேரமும் நீ ஊஸ்டர்ப் பொடியன், பந்து மேலால போனா வந்தேறி. எனக்கு இது பழகிப்போச்சு. தா பந்தை' எண்டான். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினவன்."

 குகதாசனுக்கு வீம்பு விட்டால்தானே!

"ஏசினா ஏசட்டுமன்! நாங்கள் வாங்காத ஏச்சோ? நீ அதைத் தாங்கமாட்டியோ?"

"நானும் அதைத்தான் சொன்னனான் அப்பா. 'நான் தாங்குவன், விடு' எண்டு."

"அதுக்கு என்ன சொன்னவன்?"

கோபிசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"'நீ தாங்குவாய், அங்க இருக்கிற உன்ர அப்பா தாங்கமாட்டார். என்ர அம்மாவை இந்தப் பக்கமே வரவேண்டாமெண்டு நான் எப்பவோ மறிச்சுப்போட்டன்' எண்டு சொன்னவன் அப்பா."