ஆகுவா பிரியாவுக்கு ஒரு சேதி

"இன்னும் கொஞ்சம் மிதிங்க, தோன் எவாரிஸ்தோ. மணி ஆறு இருபது!"

"மிதிச்சா பள்ளத்துலதான் கிடப்போம், தோன்யா இர்மா. அப்புறம் உங்களுக்கு ஏழு மணியும் கிடையாது, எட்டு மணியும் கிடையாது."

சக்கரங்களில் சங்கிலி கட்டிய பழைய பிக்கப் வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. தென்கோடியில் நடுக்குளிர்காலமான ஜூலை மாதத்து இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் பனி குறுக்காகப் பறந்தது. பாதை எது, புல்வெளி எது என்று தெரியவில்லை. வேலிக் கம்பங்களின் நுனிகளை வைத்துத்தான் எவாரிஸ்தோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

வானொலி நிலையத்தின் சாவி இர்மாவின் கோட்டுப் பையில் இருந்தது. பத்தொன்பது வருடங்களாக அவள்தான் காலை ஏழு மணிக்கு அதைத் திறக்கிறாள். தொலைபேசி எட்டாத மலையில் ஆடு மேய்ப்பவர்களுக்கு ஊரிலிருந்து வரும் சேதிகளைப் படிக்கிறாள். இன்னாருக்கு மாவு மூட்டை அனுப்பியாயிற்று. இன்னாருடைய அத்தைக்குக் காய்ச்சல் விட்டது. எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி, இரண்டு முறை. அதைக் கேட்காமல் மலையில் எவனும் குதிரைக்குச் சேணம் போடமாட்டான்.

நேற்று மாலை அவளே படித்திருந்தாள்: 'ஆகுவா பிரியா மேய்ச்சல் மலையில் இருக்கும் அபெலார்தோவுக்கு. எலியானாவுக்கு வலி கண்டுவிட்டது. காலையில் கிளம்பி வா. மாமனார் எவாரிஸ்தோ.'

அதற்குப் பிறகுதான் இந்தப் பனி ஆரம்பித்தது. அவன் இறங்கி வரவேண்டிய கணவாயில் இப்போது குதிரையின் கழுத்தளவு இருக்கும். ஏழு மணிக்கு வானொலி பேசாவிட்டால் அபெலார்தோ கிளம்பிவிடுவான். கிளம்பினால், வசந்தத்தில் பனி உருகிய பிறகுதான் அவனைத் தேடி எடுக்க வேண்டும்.

"கணவாய் மூடிருச்சுன்னு மட்டும் படிச்சா நிக்கமாட்டானா?" என்று கேட்டாள் இர்மா.

"அவனா? பொண்டாட்டி வலியில கிடக்கான்னு கேட்டவன் கணவாயையா பார்ப்பான்? மனசு நிறைஞ்சாத்தான் அவன் உக்காருவான். நான் எழுதிக் குடுத்ததையே படிங்க."

மடியிலிருந்த காகிதத்தை அவள் பார்த்தாள். இருட்டில் எழுத்து தெரியவில்லை. கிளம்பும்போது விளக்கடியில் படித்தது மனதில் இருந்தது.

"பையனா பொண்ணான்னு எழுதலையே. அவன் அதைத்தான் முதல்ல எதிர்பார்ப்பான்."

கண்ணாடியில் துடைப்பான் இரண்டு முறை போய் வந்தது.

"பையன்னு படிங்க."

"பேரு?"

"அவன் வந்து வைக்கட்டும்."

ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே தடுப்புக் கட்டை. போலீஸ்காரன் ரமீரோ கைவிளக்கை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"பள்ளிக்கூடம் லீவு, பேங்க் லீவு, பாதிரியாரே பூசை வேண்டாம்னுட்டார். உங்களுக்கு மட்டும் என்ன வேலை, தோன்யா இர்மா? நீங்க வாயைத் திறக்கலேன்னா ஆட்டுக்கு ரோமம் முளைக்காதா?"

"கட்டையைத் தூக்குடா. மலையில இருக்கிற உங்க அம்மாவுக்கு நீ அழுதழுது எழுதின சேதியெல்லாம் ஊருக்கே படிச்சவ நான். இன்னொரு தரம் படிக்கணுமா?"

ரமீரோ சிரித்துவிட்டான். விளக்கை எவாரிஸ்தோவின் முகத்துக்குத் திருப்பினான்.

"நேத்து சேதியைக் கேட்டேனே! பொறந்தாச்சா?"

"பொறந்தாச்சு."

"அட, தாத்தா ஆயிட்டீங்க! வண்டியில ஒரு பாட்டில்கூட இல்லையா?"

எவாரிஸ்தோ நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். "நேரமாகுது, தம்பி."

கட்டை உயர்ந்தது. நிலையத்துக்கு மூன்று தெரு இருக்கும்போது வண்டி ஒரு பனிமேட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. எவாரிஸ்தோ இரண்டு தடவை உறுமவிட்டுப் பார்த்தார். அசையவில்லை. மணி ஆறு நாற்பத்தெட்டு.

"இறங்குங்க. என் கால் தடத்துலயே காலை வைங்க."

இடுப்பளவு பனி. அவர் உடம்பால் பிளந்துகொண்டு முன்னால் போனார். அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு இர்மா பின்னால் போனாள். ஒருமுறை விழுந்தாள். அவர் திரும்பித் தூக்கி நிறுத்தினார்.

"குரல் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"மூச்சு வாங்கக் கூடாது. உங்க குரலை அவன் சின்னப் பிள்ளையிலருந்து கேட்கிறான். ஒரு பிசிறு தட்டினாலும் குதிரையேறிடுவான். கொஞ்சம் சிரிச்ச மாதிரி படிங்க."

அவள் காகிதத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

நிலையத்தின் கதவைப் பாதிவரை பனி மூடியிருந்தது. இருவரும் கைகளால் தோண்டினார்கள். விறைத்த விரல்களில் சாவி இரண்டு முறை நழுவியது. உள்ளே போய் அவள் விசைகளைத் தட்டினாள். இயந்திரம் சூடாகும்வரை கண்ணை மூடி மூச்சை அடக்கினாள். சுவரில் கடிகார முள் பன்னிரண்டைத் தொட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். ஆகுவா பிரியாவில் இருக்கும் அபெலார்தோவுக்கு. பையன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் நலம். கணவாய் மூடிவிட்டது. பனி விடும்வரை கிளம்பாதே. அவசரம் ஒன்றுமில்லை. மாமனார் எவாரிஸ்தோ."

வழக்கம்போல் இரண்டாம் முறையும் படித்தாள். 'பையன்' என்ற இடத்தில் குரலில் ஒரு சிரிப்பு வந்து போனது. பிறகு ஒரு கிதார் இசைத்தட்டைப் போட்டுவிட்டு, ஒலிவாங்கியை அணைத்தாள்.

கதவோரம் நின்றிருந்த எவாரிஸ்தோவின் தொப்பியிலிருந்து பனி உருகிச் சொட்டியது. தட்டு பாதி ஓடும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"இனிமே அவன் நகரமாட்டான்" என்றார் கடைசியில். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "தச்சர் எழுந்திருப்பாரு, நான் போறேன். ரெண்டு சவப்பெட்டி சொல்லணும். ஒண்ணு ரொம்பச் சின்னதா."