ஏழாவது பீரியட் கிடையாது

தலைமை ஆசிரியை அந்தப் படிவத்தை மேசைமேல் என் பக்கம் தள்ளினார்.

நிரப்ப வேண்டியது ஒரே ஒரு வரி. ஒலிபெருக்கியில் பேசியவர் பெயர். அதற்குக் கீழே வகுப்பாசிரியர் கையெழுத்து. இரண்டும் விழுந்துவிட்டால் பிள்ளைகள் ரேடியோ என்று கூப்பிடும் பெண் நாளையிலிருந்து இந்தப் பள்ளியில் இல்லை. ஏற்கெனவே இரண்டு பள்ளி அவளைக் கழற்றி விட்டாகிவிட்டது. இனிமேல் சேர்த்துக்கொள்ள யாரும் இல்லை.

ரேடியோ என் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு, கடைசிப் பிரிவு. மற்ற பிரிவுகள் வேண்டாமென்று தள்ளியதையெல்லாம் போட்டுவைக்கிற இடம் அது. அவள் வாயைத் திறந்தால் உடற்பயிற்சி ஆசிரியர் வருவார், பள்ளிப் பேருந்து வரும், சமயத்தில் தலைமை ஆசிரியையே வருவார், அச்சு அசல் அதே குரலில்.

நடந்தது இதுதான். நேற்று ஆறாவது பீரியட் முடியும் நேரம், பள்ளி முழுக்க ஸ்பீக்கரில் ஒரு குரல். "கண்ணுங்களா, ஏழாவது பீரியட் கிடையாது. எழுந்து வீட்டுக்குப் போங்க. வாழ்க்கை வெளியே காத்துக்கிட்டு நிக்குது."

முந்நூற்று நாற்பது பேர் போய்விட்டார்கள். கணக்கு டீச்சரும் போய்விட்டார்.

அந்தக் குரலைத் தெரியாதவர் கிடையாது. சனிக்கிழமை காலையில் டிவியில் தமிழ் பேசி வருகிற ஜப்பான் கார்ட்டூன். அனிமே என்று சொல்ல வேண்டுமாம். கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. அதில் ஒரு வாத்தியார். காலுக்கு ஒரு தினுசுச் செருப்பு, ஜன்னல் வழியாகத்தான் வகுப்புக்குள் வருவார், யாரும் சேர்க்காத ஏழு பிள்ளைகளோடு மாரடிப்பார். பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லாம் செய்வார்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனைப் பிடித்து நாலு சாத்து சாத்த வேண்டும் என்று போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா கொதித்தார். நானும் தலையை ஆட்டினேன். நான் தமிழாசிரியன். பத்தொன்பது வருஷமாக இந்தப் பள்ளியில் நான் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிமெண்ட்.

"நான்தான் மேடம் பேசினேன்," என்றாள் ரேடியோ. இன்னும் யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பேசிக் காட்டச் சொன்னார் மேடம். பேசினாள். அதே இழுவை, அதே கரகரப்பு. ஆனால் ஏளாவது என்றாள். எளுந்து என்றாள். வாள்க்கை என்றாள்.

நாக்கை மடி, மேலே ஒட்டாதே, உள்ளே இழு என்று மூன்று வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். இவளுக்கு ழ வந்ததே இல்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

இவள் இல்லை மேடம், என்றேன். இவளுக்கு ழ வராது. நேற்று ஸ்பீக்கரில் வந்தது சுத்தமான ழ.

மேடம் யோசித்தார். படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ரேடியோ என்னை ஒரு பார்வை பார்த்தாள். எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடியும் பேசினாள்.

ஏழாவது. எழுந்து. வாழ்க்கை.

மூன்றும் கணீரென்று விழுந்தன. வகுப்பில் சொல்லியிருந்தால் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டியிருப்பேன். பாவி, இத்தனை நாளும் கைவசம் வைத்துக்கொண்டேதான் என்னைக் கத்தவிட்டிருக்கிறாள்.

மேடத்துக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவள் அப்பாவுக்குப் போன் செய்யப் பக்கத்து அறைக்குப் போனார்.

உனக்கென்ன பைத்தியமா, என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"இந்த ஸ்கூல்ல அந்த மாதிரி ழ ஒருத்தருக்குத்தான் சார் வரும். எனக்குக் கேக்காதா?" கதவைப் பார்த்துக்கொண்டே குசுகுசுத்தாள். "உங்களுக்காக ஒண்ணும் செய்யல. நீங்க மாட்டினா அந்த டப்பிங் வேலையை விடச் சொல்லிடுவாங்க. அப்புறம் சனிக்கிழமை அந்த வாத்தியார் வரமாட்டார்."

இந்தப் பள்ளியில் சத்தம் வராத அறை ஒலிபரப்பு அறை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை டப்பிங்குக்கு அங்கேதான் வசனம் சொல்லிப் பார்ப்பேன். நேற்றும் அப்படித்தான்; மைக் ஆனில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்கு ஃப்யூஸ் போயிருந்ததை யார் கண்டார்கள்? வெளி வேலை பார்க்கும் ஆசிரியருக்கு இங்கே இடமில்லை என்று போன வருஷம் வந்த சுற்றறிக்கையை எழுதிக் கொடுத்தவனும் நானே. அதில் ஒரு ஒற்றுப்பிழை கிடையாது.

போன ஞாயிறு நான் பேசிய காட்சியில் வாத்தியார் தன் மாணவியை நீக்கும் கடிதத்தைக் கிழித்துப் போடுவார். இவ போனா நானும் போறேன். ஒரே டேக்கில் ஓகே ஆனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மேடம் திரும்பி வந்தபோது நான் படிவத்தை நிரப்பி முடித்திருந்தேன். வாங்கிப் படித்தார். பாவம், மனுஷன் ஆடிப்போயிருக்கிறார் என்பது போல் என்னைப் பார்த்தார்.

"சார், உங்க பேரை மேல எழுதிட்டீங்க. அது கீழ வரணும்."

ரேடியோ வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

என் சொந்தக் குரலில் சொல்லத்தான் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. பயமாக இருந்தது.

"சரியான எடத்துலதான் மேடம் எழுதியிருக்கேன்," என்றேன், சனிக்கிழமைக் குரலில்.