நான்காவது நங்கூரம்

சாந்தோரினி மீனவர் ஸ்டமாட்டிஸுக்கு ஒன்று விளங்கவில்லை. ஒரே பகலிரவில் மூழ்கிய தீவு நகரம் கிடப்பதாகச் சொல்லும் இடத்தில் அவர் போட்ட நங்கூரம் எதுவும் திரும்பவில்லை. மூன்று முறை கயிற்றை அறுத்துவிட்டுத்தான் கரை சேர்ந்தார். இன்று நான்காவதும் கீழே மாட்டிக்கொண்டது; இதுவும் போனால் தொழில் இல்லை.

மைத்துனன் நிகிதாஸ் முங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தான்.

“பாறையில சிக்கலை மச்சான். கல்தூண்ல யாரோ கயித்தைச் சுத்திக் கட்டியிருக்காங்க. நம்ம துறைமுகத்துல போடுற அதே முடிச்சு.”

“அவிழ்த்தியா?”

“அவங்க கட்டினதை நானா? வர்ற படகோட கயித்தை வாங்கிக் கட்டுறது கரையில இருக்கிறவங்க மரியாதை. நீங்கதான் ஒரு நாளாவது சொல்லிட்டுக் கிளம்பினீங்களா?”

ஸ்டமாட்டிஸ் தண்ணீரை நோக்கிக் குனிந்தார். “கிளம்புறேங்க, அவிழ்த்து விடுங்க.”

இருவரும் காத்திருந்தார்கள். கயிறு தளர்ந்தது.

அங்கே கிளம்பும்போது சொல்லிவிட்டால் போதும், நங்கூரம் வந்துவிடும்.