எதையும் கேட்டே செய்கிறவள்

இதை என் அறைத்தோழி நஸ்ரின் சொன்னாள். பாலாநகரில், இயந்திரங்களுக்கு வயர்களைச் சேர்த்துக் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் அவள் எச்.ஆர். நான் நேரில் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு சொல் மாறியிருக்கலாம்.

ஜெஸ்ஸியின் ப்ரொபேஷன் அன்றோடு முடிந்தது. அவளை நிரந்தரமாக்கலாமா என்று சூப்பர்வைசர் ஷர்மிளா சொல்ல வேண்டும்.

"வேண்டாம் சார். வேலை சுத்தம்தான். ஆனா சொந்தமா ஒரு முடிவு எடுக்கத் தெரியல. சிவப்பு வயர் தீர்ந்தாக்கூட, புதுசு எடுக்கட்டுமான்னு என்கிட்ட வந்து நிக்கிறா."

மேனேஜர் நூர் முகமது டீயை ஆற்றினார்.

"போன வாரம் உனக்குக் காய்ச்சல். அப்ப யார்கிட்ட போய் நின்னாளாம்?"

ஷர்மிளாவுக்குத் தெரியவில்லை. லீவு முடிந்து வந்தபோது சரக்கெல்லாம் ஒழுங்காகப் போயிருந்தது. எப்படி என்று அவள் யோசிக்கவே இல்லை.

ஷர்மிளா வயர் கட்டும் மேசைகளுக்குப் போனாள். அவளைக் கண்டதும் ஜெஸ்ஸி எழுந்தாள்.

"அக்கா, இதை டெஸ்டிங்குக்கு அனுப்பட்டுமா?"

"போன வாரம் யாரைக் கேட்டு அனுப்பினே?"

"யாரையும் கேக்கல. நானே பார்த்து அனுப்பிட்டேன்."

"அப்ப என்னை மட்டும் ஏன் கேக்குறே?"

பக்கத்து மேசையில் இருந்த போலாரத்திலிருந்து வரும் கிருஷ்ணா தலை நிமிராமல், "மேடத்தோட கைக்குப் பயப்படுறேன்னு சொல்லும்மா" என்றார்.

"நீங்க சூப்பர்வைசரான அன்னிக்கு, கிருஷ்ணாண்ணன் கட்டினதை எல்லார் முன்னாடியும் வெட்டிட்டு நீங்களே கட்டினீங்க. அவர் கட்டினதும் சரியாத்தான் இருந்துச்சு. உங்க கட்டு மாதிரி இல்ல, அவ்வளவுதான். அதுக்கப்புறம் இங்க யாரும் கேக்காம எதையும் தொடுறதில்ல."

"என் கை அன்னியோட ரிட்டையர்டு மேடம்," என்றார் கிருஷ்ணா. யாரோ சிரித்தார்கள்.

ஷர்மிளா சிரிக்கவில்லை. முன்பு அந்த வரிசையிலேயே கட்டுவதில் அவள்தான் கெட்டிக்காரி. மேசையை விட்டு எழுந்தாளே தவிர, கை அங்கேயே இருந்துவிட்டது. இப்போதும் ஜெஸ்ஸியின் மேசைப் பக்கம்தான் நீண்டது. இழுத்துக்கொண்டாள்.

"உனக்குச் சரின்னு பட்டா அனுப்பு."

நேராக மேனேஜரிடம் போனாள்.

"சார், ஜெஸ்ஸியை நிரந்தரமாக்கிடுங்க. இன்னொருத்தரோட ப்ரொபேஷனை மட்டும் நீட்டிக்கணும்."

நஸ்ரின் இதற்கு மேல் சொன்னதை நான் நம்பவில்லை. பிறகு நூர் முகமதுவிடமே விசாரித்தேன். உண்மைதானாம். புது சூப்பர்வைசர்களுக்கும் அங்கே ப்ரொபேஷன் உண்டு. ஷர்மிளா நீட்டிக்கச் சொன்னது தன்னுடையதை.