எட்ஃபூவில் எலுமிச்சம்பழம்

"இதெல்லாம் ஒரு எலுமிச்சம்பழமா? கழுதைகூட மோந்து பார்க்காது!"

சமையற்கட்டே அதிரும்படி கத்தினார் மேனேஜர் வக்தி. லக்ஸரிலிருந்து அஸ்வான் போகும் நைல் நதி உல்லாசக் கப்பல் நடுவழியில் எட்ஃபூ கரையில் நின்றதும் வாராவாரம் நடக்கிற கூத்து இது.

"கினாவி! போய் நல்ல பழமா வாங்கிட்டு வா. பயணிங்க கோயில் பார்த்துட்டுத் திரும்பறதுக்குள்ள வந்து சேரு. முழிக்காதே, ஓடு!"

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பரிமாறுகிற கினாவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை பேர் இருக்க, இந்த ஆளுக்கு நான்தான் இளிச்சவாயனா?

ஒரே ஆறுதல், எட்ஃபூ அவனுடைய சொந்த ஊர். சட்டென்று பழத்தை வாங்கிக்கொண்டு, மேனேஜர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வீட்டுக்கு ஓடுவான். கைக்குழந்தை ஷாதியாவை மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டுத்தான் கப்பலேறுவான்.

ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே! ஒருநாள் முதலாளியிடமே போய்க் கொட்டித் தீர்த்தான்.

"எட்ஃபூ வந்தாலே என்னைச் சந்தைக்குத் துரத்துறாரு ஐயா. நான் பரிமாற வந்தவனா, கூடை தூக்க வந்தவனா?"

"பயணத்துக்கு நடுவுலயா?" என்று மட்டும் கேட்டார் முதலாளி.

"ஒவ்வொரு தடவையும்!"

கையோடு வேறு கப்பலில் சேர்ந்துவிட்டான். புது மேனேஜர் ஹாஸிம் தங்கமான மனிதர். திட்டவே தெரியாது. வாயைத் திறந்தால் "கண்ணு", "தம்பி"தான்.

எட்ஃபூ வந்தது. ஷாதியாவுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன்.

"சந்தைக்கு ஆள் அனுப்பலையா ஐயா? எலுமிச்சம்பழம் ஏதாச்சும்..."

ஹாஸிம் சிரித்தார். "எல்லாம் லக்ஸர்லயே மூட்டையா ஏத்தியாச்சே, கண்ணு."

"குழந்தைக்கு உடம்பு சரியில்லைங்க. ஒரு எட்டு பார்த்துட்டு ஓடி வந்துடறேன்."

"லக்ஸர்ல ஏறினவன் அஸ்வான்லதான் இறங்கணும். என்ன வேலையா இருந்தாலும் சரி, நடுவுல ஒருத்தனை இறக்கி விட்டா என் வேலை போயிடும், தம்பி." அன்பாகத் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

அப்படியானால் வக்தி மட்டும் எப்படி வாராவாரம் இறக்கி விட்டார்?

ஆற்றுப் பக்கமாக, இந்தக் கப்பலை ஒட்டியே நின்றது அவன் முன்பு வேலை பார்த்த கப்பல். கம்பியைத் தாண்டிக் குதித்துச் சமையற்கட்டுக்கு ஓடினான். அங்கே சமையற்காரர் மன்ஸி மட்டும் இருந்தார்.

"அண்ணே, வக்தி ஐயா எங்கே?"

"வேலையை விட்டே தூக்கிட்டாங்கப்பா. பயணத்து நடுவுல ஆளை இறக்கி விட்டாராம்."

"அப்போ அந்த எலுமிச்சம்பழம்..."

"நல்ல பழமே மூட்டை மூட்டையா கிடந்துச்சு. நீ வாங்கியாந்ததை என்ன பண்றதுன்னு கேட்டேன். 'ஊறுகாய் போடு. அவன் புள்ளைக்கு அப்பன் முகம் மறந்துடக் கூடாது. வெளியில மூச்சு விடாதே'ன்னாரு."

எப்பேர்ப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு துரோகம் செய்துவிட்டோம்!

மன்ஸி பெருமூச்சு விட்டார். "எந்தப் பாவி போட்டுக் கொடுத்தான்னு துருவித் துருவிக் கேட்டேன். அவருக்குத் தெரியும் போல. கடைசி வரைக்கும் பேரைச் சொல்லவே இல்லப்பா, அந்த மனுஷன்."